ஸ்டெய்னார் குடித்த மீனெண்ணெய்

சுகாதார நிலையத்து எடைத் தட்டில் உட்கார்ந்து லிவ் இருமியபோது, அந்த இருமல் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல ஸ்டெய்னாருக்குக் கேட்டது. குழந்தைக்குப் பதினான்கு மாதம். இந்தக் குளிர்காலத்தில் நான்கு சளி, இரண்டு காதுவலி. அப்பன் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. கன்னம் வேகவைத்த இறால் மாதிரிப் பளபளத்தது. போகிற போக்கில் படகொன்றைத் தோளில் தூக்கிப்போவான் போலிருந்தான்.

காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வடதுருவத்தை ஒட்டிய வார்டோ ஊரில் நவம்பர் கடைசியில் பெட்டி கட்டிக்கொண்டு போகும் சூரியன், ஜனவரி நடுவில்தான் எட்டிப் பார்க்கும். அதற்கு ஈடாகத்தான் காட் மீனின் ஈரல் எண்ணெய், பிள்ளைக்குத் தினம் ஒரு கரண்டி. மனைவி குன்வோர் மீன் ஆலை வேலைக்குத் திரும்பியதும், குழந்தையைப் பார்க்க விடுப்பெடுத்த ஸ்டெய்னாரிடம் கரண்டி வந்தது. லிவ் முதல் நாள் துப்பியது சுவர்வரை போனது. இரண்டாம் நாள் துப்பியது சத்தியமாகப் பக்கத்து வீடுவரை. ஊர்ப் பூனைகள் அத்தனையும் அவன் பின்னால் ஊர்வலம் வந்தன. மருந்துக்கடையில் ருசியில்லாத சொட்டு மருந்து கிடைக்கும்தான். ஆனால் மூன்று தலைமுறை காட் பிடித்த குடும்பத்தில் பிறந்தவன் போய், என் பிள்ளை மீனெண்ணெய் குடிக்கமாட்டேன் என்கிறது என்று கேட்பதா? மாலையில் குன்வோர் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பாள். அளவு குறைய வேண்டும். அவனே குடித்தான். மூன்று பாட்டில்.

செவிலி போர்கில்ட், ஸ்டெய்னாரையே அவன் குழந்தையாக இருந்தபோது அதே தராசில் எடைபோட்டவள். எண்ணெய் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று பக்கத்தில் நின்ற குன்வோர் பெருமையாகச் சொன்னாள்.

"நான்தான் குடிச்சேன்," என்றான் ஸ்டெய்னார்.

போர்கில்ட் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "பாத்தாலே தெரியுது. இன்னும் ரெண்டு மாசம் விட்டா செதில் முளைச்சிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சளிக்கெல்லாம் அதுதான் காரணமா என்று அவன் தரையைப் பார்த்துக் கேட்டான்.

"அப்படின்னு நான் சொல்லமாட்டேன்ப்பா. குடுத்திருந்தாலும் சளி பிடிச்சிருக்கும், இந்த வயசு அப்படி. ஆனா வெயிலே இல்லாத ஊர்ல வைட்டமின் டி சத்து இல்லாம எலும்பு எப்படி வளரும்? நோயை எதிர்க்கிற தெம்புக்கும் அது வேணும். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

ஊசி குத்தியதும் லிவ் அழுதாள். முடிவு வர ஒரு வாரமாகுமாம்.

குன்வோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக மருந்துக்கடைக்கு நடந்தாள். சொட்டு மருந்தை அவளே கேட்டு வாங்கினாள். வாசலில் நின்று சொன்னாள்: "காதுவலில அவ கத்துனப்ப நீதானே தூக்கிட்டு நடந்த. அப்பகூடச் சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு. அப்புறம்தான் இன்னும் சொல்ல முடியாமப் போச்சு."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். வீட்டில் ஜன்னலோரம் நின்று, வெளியே மிச்சமிருந்த நீல வெளிச்சத்தில் கரண்டியைப் பிடித்து ஐந்து சொட்டு எண்ணினாள். லிவ் ஸ்டெய்னாரின் மடியில். எங்கே துப்பிவிடுமோ என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். குழந்தை கரண்டியை வழித்து நக்கிவிட்டு, இன்னும் வருமென்று நாக்கை நீட்டியபடி அம்மாவைப் பார்த்தது. ஸ்டெய்னாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.