ஜல்லி

நைனா மோசஸின் இடது கை மட்டும் மார்பின் மேல் நிற்கவில்லை. ஜெனிட்டா எடுத்து வைக்க வைக்க அது நழுவி பெஞ்சோரமாக விழுந்தது.

"கர்சீப்ப போட்டுக் கட்டிடுடி" என்றாள் அம்மா பிரிசில்லா. "காலம்பூரா கியர் போட்ட கை. அது எங்க சும்மா கெடக்கப் போவுது?"

விடியற்காலையில் வேனை எடுக்கக் கிளம்பியவர், செருப்பு மாட்டக் குனிந்தார், நிமிரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து நாவலூர் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் அந்த வெள்ளை வேன், சர்ச் சுவரோரம் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது.

ஜெனிட்டாவுக்கு அழுகை வரவில்லை. நைனா சொன்ன ஒரு வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குறுக்கே நின்றது.

ஜெனிட்டா டிரம்ஸ் அடிப்பவள். அவளும் கிடார் ஜோயலும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்டின் பெயர் 'கல்குவாரி'. முதல் ஆல்பம் 'பாறை' வந்தபோது பாட்டு விமர்சனம் எழுதுகிறவர்களெல்லாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஓர் இடி என்றார்கள். அடுத்த ஆல்பத்துக்கு 'ஜல்லி' என்று பெயர் வைத்தார்கள். அதே ஆட்கள், அதே வாயால், 'பாறையாக வந்தவர்கள் ஜல்லியாக நொறுங்கிவிட்டார்கள்' என்று எழுதினார்கள். "திட்றதுக்கு நாமளே பேர் வச்சுக் குடுத்துட்டோமே!" என்று ஜோயல் தலையில் அடித்துக்கொண்டான். டிரம்ஸ் வெறும் இரைச்சல் என்று ஒரு புண்ணியவான் தனியாக வேறு எழுதியிருந்தார்.

அதையெல்லாம் அவள் துடைத்துப் போட்டுவிட்டாள். நைனா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. வேனில் உட்கார்ந்து ஆல்பம் முழுவதையும் கேட்டவர், கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"சாவு மோளம் மாரி கீதும்மா."

அந்த வீட்டில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. மோசஸின் அப்பா, ஊரில் யார் வீட்டில் பிணம் விழுந்தாலும் மோளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியாக வேண்டியவர். உடம்புக்கு முடியவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் கண்ணை மூடிய அன்றைக்கே மோசஸ் அந்த மோளத்தைக் கிணற்றில் போட்டார். இந்த வீட்டில் இனி சாவுக்குப் பாட்டும் ஜெபமும்தான் என்றார். மகள் டிரம்ஸ் கேட்டபோது, "அது வேற, இது வேற" என்று பிரிசில்லாவிடம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனுஷன் வாயில் அந்த வார்த்தை வந்தால்?

அதோடு சரி. கூடுவாஞ்சேரியில் ஜோயல் வீட்டு மொட்டைமாடி ஷெட்டில் அவள் டிரம்ஸ் பெட்ஷீட் போர்த்திக் கிடந்தது. ஏன் நைனா அப்படிச் சொன்னாய் என்று அவள் கேட்கவே இல்லை. வீம்பு. இனிமேல் கேட்கவும் ஆள் இல்லை.

மத்தியானம் கழித்து, நாவலூர் போகாமல் லீவு போட்டுவிட்டு வேன் ஆட்கள் மொத்தமும் மாலையோடு வந்து நின்றார்கள். எப்போதும் முன்சீட்டில் உட்காரும் ராமதாஸ் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்குப் பின்னால் வந்த ஷாரோன் ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே டிரம்ஸ்? உங்க 'ஜல்லி' எங்களுக்கு மனப்பாடம்க்கா. வண்டில வேற பாட்டே கெடையாது."

"அது நல்லால்லன்னு சொன்னாரே."

"யாரு, அண்ணாத்தயா?" ராமதாஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நல்லால்லன்னு சொன்னது நாங்கம்மா. மொத வாரம் தல வெடிச்சிடுச்சி. பாட்ட மாத்து அண்ணாத்தன்னு கெஞ்சினோம். புடிக்கலன்னா எறங்கி பஸ்ல வான்னுட்டாரு. அப்பறம் அவரு டேஷ்போர்டுல தட்ட, நாங்களும் தட்ட, எங்களுக்கே அது இல்லாம பொழுது விடியல."

ஜெனிட்டா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சாவு மோளம் மாரி கீதுன்னாரே எங்கிட்ட?"

"எங்ககிட்டயும் அதான் சொல்லுவாரு. புதுசா யாரு ஏறினாலும் சொல்லுவாரு" என்றாள் ஷாரோன். "'எங்கப்பன் அடிச்சா மாரியே கீது, கால் சும்மா நிக்குதா பாரு. அந்தாளு பாவம், கூப்ட்டா ஓடணும். எம் பொண்ண எவனும் கூப்டல. அவளுக்குத் தோணுது, அவ அடிக்கிறா'ன்னு. அதச் சொல்றப்போ அவரு மூஞ்சியப் பாக்கணுமேக்கா!"

பிரிசில்லா, மோசஸைக் கிடத்தியிருந்த பெட்டியருகே இருந்து தலையைத் தூக்கினாள். "அடிப்பாவி, இதுக்கா நீ பேசாமக் கெடந்த? நல்லாத்தான் சொன்னேன், இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கிகினு போறான்னு அந்த மனுசன் எங்கிட்ட பொலம்பிகினே இருந்தாரே."

அப்போதுதான் ஜெனிட்டாவுக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல், பெரிய சத்தமாக வந்தது. ஷாரோனின் கையை விடாமல் அழுதாள். இவர்கள் வராமல் இருந்திருந்தால் சாகும்வரை அந்த முள்ளோடு கிடந்திருப்பாள். தலைவலியோடு தன் டிரம்ஸைக் கேட்டுக்கொண்டு நாவலூர் போன ஒவ்வொருவர் காலிலும் விழலாம் போலிருந்தது.

ஜெபம் முடிந்து பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். கல்லறைத் தோட்டம் வரை வேன் முன்னால் போகட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். ராமதாஸ் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

வேன் அலறியது. நேற்று நைனா எந்த இடத்தில் நிறுத்தினாரோ அங்கிருந்தே, அவர் வைத்த சத்தத்திலேயே, 'ஜல்லி' ஆரம்பித்தது. பாஸ்டர் ஜான்சன் கையிலிருந்த பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ராமதாஸ் பதறிப்போய் பொத்தானைத் தேடினார்.

"வுடுப்பா, ஓடட்டும்" என்றாள் பிரிசில்லா.

"இது சாவு வீடும்மா..."

"தெரியுது பாஸ்டர். அதான் போட்டுக்கினு போறாரு."

பாஸ்டர் ஒதுங்கி வழிவிட்டார். வேன் மெல்ல நகர, பழைய கோட்டைச் சுவரை ஒட்டிய தெருவில் கூட்டம் கூடவே நடந்தது. ஷாரோன் வேனின் பக்கத்துத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டினாள். அடுத்து இன்னொருவர், பிறகு வேன் ஆட்கள் எல்லாரும். பாட்டின் நடுவே மற்ற வாத்தியமெல்லாம் நின்று, டிரம்ஸ் மட்டும் தனியாக விழும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் எல்லாருடைய கையும் அரைத் தட்டு தாமதமாக விழுந்தது. ஒருவர் தப்பாமல் எல்லாருமே.

ஜெனிட்டாவுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி அந்த இடம் வந்தபோது புரிந்தது. கியர் மாற்றிவிட்டு வந்து டேஷ்போர்டில் தட்டுகிற நைனா கையின் தாமதம் அது. அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களுக்கு அதுதான் தாளம்.

"ஸ்தோத்திரம் நைனா" என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

வேனின் பின்கதவருகே போய்க் கையை ஓங்கினாள். மூன்றாம் முறை அந்த இடம் வந்தது. அவளுடைய அடி ஸ்பீக்கரில் சரியாக விழுந்தது. அவள் கையை நிறுத்திப் பொறுத்து, அவர்களோடு சேர்ந்து அடித்தாள்.