கூரையில் ஒரு வட்டம்

வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் வயரக்கா கை வைத்தால் செத்த வண்டியும் எழுந்து உட்காரும் என்று பேச்சு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டது அவளேதான். ஆனால் பதினெட்டு வருடமாக ஒருவராலும் அதைப் பொய் என்று சொல்ல முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் கொட்டகையில் நின்றது ஆஸ்பத்திரி ஜீப். அதை ஓட்டுகிறவள் அவளுடைய தங்கை, நர்ஸ். செவ்வாய்தோறும் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப்புறம் இருக்கும் குடியிருப்புகளுக்குத் தனியாகப் போய் வருவாள். வழியில் மலைகளுக்கு நடுவே ரோடு இறங்கி ஏறும் ஒரு பெரிய பள்ளம் உண்டு. அங்கே போன் வேலை செய்யாது. போன மாதம் அந்தப் பள்ளத்தில் சக்கரம் புதைந்து, ஒரு முழுப் பகல் அவள் எங்கே இருக்கிறாள் என்றே யாருக்கும் தெரியவில்லை.

பெரிய டாக்டர் போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டார். "வயர்லெஸ் மாட்டுங்க. திங்கக்கிழமை நாலு மணிக்குள்ள அந்தப் பள்ளத்துலேர்ந்து பேசி என் காதுல விழணும். விழலேன்னா இனிமே அந்தப் பக்கம் வண்டி போகாது."

மலைக்கு அந்தப்புறம் மூன்று பெண்கள் நிறைமாதமாக இருந்தார்கள். தங்கை அதைத்தான் ராத்திரி பகலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாலு மணி எதுக்கு? மத்தியானமே பேசிடலாம்," என்றாள் வயரக்கா.

வயர்லெஸ் செட்டை டேஷ்போர்டுக்குக் கீழே, கை எட்டும் இடத்தில் தாங்கி போட்டு முறுக்கினாள். கரண்டை பேட்டரியிலிருந்து நேரே இழுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்தாள். ஹெட்லைட் வயரிலிருந்து கொஞ்சம் பிய்த்துக் கொடுக்கிற சோம்பேறி வேலையெல்லாம் அவளிடம் நடக்காது. "பேருதான் வயர்லெஸ். காலையிலேர்ந்து நான் இழுக்கறதெல்லாம் வயருதான்," என்று தங்கையிடம் சொன்னாள்.

ஆன்டெனா வைக்க ஜீப் கூரையில் துளை போட டிரில்லை எடுத்தபோதுதான் தங்கை வீட்டுக்காரர் முகம் வெளுத்தது. அவர் பெயிண்டர். போன வாரம்தான் அந்த ஜீப்புக்குப் பச்சை அடித்திருந்தார், மூன்று கோட்.

"நடுக் கூரையிலயா ஓட்ட போடணும்? ஓரமா ஒரு கிளாம்ப் போட்டு மாட்டக்கூடாதாக்கா?"

"நடுவுல வச்சாதான் நாலு பக்கமும் ஒரே மாதிரி கேக்கும், மாப்ள. கண்ண மூடிக்குங்க."

அவர் உண்மையிலேயே மூடிக்கொண்டார். அவள் துளை போட்டு, அதைச் சுற்றிக் கூரையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரு வட்டத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தாள். ஆன்டெனாவின் அடித்தட்டு வெறும் தகரத்தில் உட்கார வேண்டும். கூரைத் தகரம் முழுவதும் அதோடு சேர்ந்தால்தான் ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்யும். மாட்டி, ஆன்டெனா ஒழுங்காக அனுப்புகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கையைக் கழுவிக்கொண்டு அவளும் தங்கையும் சாப்பிடப் போனார்கள்.

மூன்று மணிக்கு அக்காவும் தங்கையும் பள்ளத்தில் இருந்தார்கள். பெயிண்டர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தங்கை மைக்கை எடுத்துப் பேசினாள். டாக்டர் குரல் வந்தது. "வண்டி, வண்டி. கரகரன்னுதான் வருது. என்ன சொல்றீங்கன்னு புரியல."

மறுபடியும் பேசினாள். மறுபடியும் அதே பதில். அவர் பேசுவது இங்கே கேட்டது. இங்கே பேசுவது அங்கே போகவில்லை.

வயரக்கா ஃபியூஸைப் பார்த்தாள். கேபிள் முனையைக் கழற்றி மாட்டினாள். பேட்டரி நன்றாக இருந்தது. மீட்டரை வைத்தால் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. மணி மூன்று முப்பத்தைந்து.

"அக்கா, டாக்டர்கிட்ட இன்னொரு நாள் கேட்டுப் பாக்கலாமா?" தங்கை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என் வேலையில இன்னொரு நாளெல்லாம் கிடையாது. சும்மா இரு."

 ஒரு நிமிடம் பானட்டில் கையூன்றி நின்று யோசித்தாள். காலையில் முள் சரியாக நின்றது. தன் வேலையில் தப்பில்லை. அதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அப்படியானால் நடுவில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

டயரில் கால் வைத்துக் கூரை மேல் ஏறினாள். ஆன்டெனாவின் நட்டைக் கழற்றித் தூக்கிப் பார்த்தாள். அவள் சுரண்டிய வட்டம் காணோம். மேலேயும் கீழேயும் வழுவழுவென்று பச்சை, துளி பிசிறில்லாமல்.

"உன் வீட்டுக்காரர் வேலைதான். நாம சாப்பிடப் போன நேரத்துல கழட்டி, பெயிண்ட் அடிச்சு, காய வச்சு, திரும்ப மாட்டியிருக்காரு. நீ இந்தப் பக்கம் வர்றது அவருக்குப் பிடிக்கலையா?"

"பயம் உண்டு. ஆனா அவரு அப்படிச் செய்ய மாட்டாருக்கா."

"செஞ்சிருக்காரே. கத்தி ஏதாவது இருந்தா குடு."

தங்கை மருந்துப் பெட்டியைத் திறந்து ஆபரேஷன் பிளேடு ஒன்றைக் கைப்பிடியில் மாட்டிக் கொடுத்தாள். வயரக்கா மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம் சுரண்டினாள். பெயிண்ட் லேசில் விடவில்லை. மனுஷன் வேலையில் சுத்தம் என்பதை அந்தக் கோபத்திலும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆன்டெனாவை மாட்டி இறுக்கிவிட்டுக் கீழே குதித்தபோது நான்கு மணியாக ஐந்து நிமிடம் இருந்தது. முள் காலையில் நின்ற இடத்துக்கே வந்துவிட்டது.

மைக்கை அவளே எடுத்தாள். "ஆஸ்பத்திரி, பள்ளத்துலேர்ந்து பேசறேன். கேக்குதா?"

"பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்குது," என்றார் டாக்டர்.

"பெயிண்டர் இருக்காரா? ஆன்டெனாவுக்கு அடியில பெயிண்ட் அடிக்கச் சொன்னது யாருன்னு அவரைக் கேளுங்க."

மைக் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு பெயிண்டர் குரல். "வெறும் தகரத்த அப்படியே விட்டா துரு ஏறும்க்கா. துரு ஏறினா ஓட்ட பெரிசாகும். மழையில அவ தலையில சொட்டும். அதான்... தப்பாயிடுச்சா?"

சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வயரக்காவின் வாயிலேயே நின்றுவிட்டது. சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகக்கூட இருந்தது. "துருவுக்கு நான் கிரீஸ் வைக்கறேன், மாப்ள. நீங்க அந்த வட்டத்துப் பக்கம் மட்டும் போகாதீங்க," என்று சொல்லிவிட்டு மைக்கைத் தங்கையிடம் கொடுத்தாள்.

"நாளைக்குக் கிளம்பும்மா," என்றார் டாக்டர். தங்கை ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்துக்கொண்டே.

மறுநாள் ஆஸ்பத்திரி செட்டைச் சரிபார்க்கிற சாக்கில் வயரக்கா அங்கே போனாள். செவ்வாய்க்கிழமை என்றால் மனைவி திரும்பி வருகிறாளா என்று மூன்று மணிக்கே ரோட்டு முனையில் போய் நிற்கிற பெயிண்டர், செட்டுக்கு முன்னால் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பள்ளத்துக்கு வந்துட்டேன்," என்றது தங்கையின் குரல். "ஒரு பிரசவம் ஆச்சு. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

பெயிண்டர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "சரிம்மா. பாத்து வா. காத்துக்கிட்டிருக்கேன்," என்றார், பேசும்போது அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்தாமலே.

வயரக்கா கையை நீட்டி, அவர் விரல்மேல் தன் விரலை வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"இப்போ சொல்லுங்க, மாப்ள."