பட்டனுக்கு அடியில் சிவப்பு நூல்

"பாலியல் தொழிலாளர் மீதான பார்வையைக் கலையால் மாற்றுவோம்" என்று எங்கள் தொண்டு நிறுவனக் கண்காட்சியின் துணி பேனரில் எழுதியிருந்தது. எடுப்பாக இருக்கட்டும் என்று அதன் ஓரத்தைச் சிவப்பு நூலால் தைத்திருந்தோம். இழுத்துக் கட்டியும் 'பார்வை' மட்டும் நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினோரு பெண்கள் ஆளுக்கொரு துணிச் சதுரத்தில் தங்கள் கதையைத் தைத்திருந்தார்கள். பெயரும் முகமும் கிடையாது. அதற்காக நான் எழுதிய நான்கு பக்க ரகசியக் காப்பு விதிமுறைக்குப் பயிற்சி முகாமில் கைதட்டெல்லாம் கிடைத்தது.

அவர்களில் ஒருத்திக்குப் பட்டப்பெயர் டைலரம்மா. எட்டாவது படிக்கும் மகளைப் பொறுத்தவரை அம்மாவுக்குத் தையல் கடையில் வேலை.

"தைச்சுத் தரேன் சார். ஆனா அவ ஸ்கூல் பசங்க மட்டும் பார்க்கக் கூடாது. நானே அவகிட்ட சொல்லணும். இன்னும் வாய் வரல."

"உங்க பேரே இருக்காதும்மா."

"பேரு கிடக்குது சார். அங்க ஆளுக்கொரு பேர் வச்சுக் கூப்பிடுறான், எனக்கே சொந்தப் பேரு மறந்துடும் போல. ஸ்கூல் வேண்டாம், அவ்வளவுதான்."

அவள் தைத்தது ஒரு நீலச் சட்டை. ஐந்து நிஜ பட்டன்கள். கீழே ஒரு வரி: 'இந்தக் கைதான் அந்தக் கதவையும் திறந்தது.' எங்கள் இயக்குநர் மேடம் பார்த்துவிட்டு, "ரெண்டு சொட்டுக் கண்ணீர் சேர்த்தா நல்லா இருக்குமே" என்றார். டைலரம்மா சேர்க்கவில்லை.

திறப்பு விழாவன்று அறுபது நாற்காலி, பதினாலு பேர். அதில் நாலு பேர் நாற்காலி இறக்க வந்தவர்கள்.

"தலைமை விருந்தினர் கிளம்பிட்டாராம்! நடந்து வர்ற தூரத்துல ஏதாவது ஸ்கூலுக்குப் போன் போடுங்க!" என்று மேடம் பதறினார்.

நடந்து வரும் தூரத்தில் இருந்தது ஒரே பள்ளிதான், டைலரம்மாவின் மகள் படிப்பது. போனை எடுத்த கை ஒரு நொடி நின்றது. பேர் இல்லை, முகம் இல்லை, எப்படித் தெரியப்போகிறது? விதிமுறை எழுதியவனே நான்தானே. போட்டேன்.

மௌனத்தை உடைப்பது பற்றித் தலைமை விருந்தினர் ஐம்பது நிமிடம் பேசினார். வேறு யாருக்கும் அதை உடைக்க வாய்ப்பு இல்லை.

பிறகு பிள்ளைகள் வரிசையாகச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு பெண் நீலச் சட்டை முன்னால் நின்றாள். நகத்தால் பட்டனைத் தூக்கி அடியில் பார்த்தாள். சிவப்பு நூல். குனிந்து தன் சீருடைப் பட்டனைத் தூக்கிப் பார்த்தாள். அதிலும் சிவப்பு நூல். பொதுக் கொடியில் காயும் ஒரே மாதிரிச் சீருடைகளில் மகளுடையதைக் கண்டுபிடிக்க டைலரம்மா வைத்திருந்த அடையாளம் அது; தைக்கும்போது அவளே ஒருமுறை சொன்னது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசலில் எல்லோரும் படிவம் நிரப்பினார்கள். 'உங்கள் பார்வை மாறியதா?' முப்பத்தெட்டுப் பேர் 'ஆம்' போட்டிருப்பதாக மேடம் பூரித்துப்போனார். அதில் ஒன்று அவளுடையதாக இருக்கலாம். படிவத்தில்தான் நாங்கள் பெயர் கேட்பதில்லையே.

மறுநாள் காலை டைலரம்மா வந்தாள்.

"எல்லா பட்டனையும் பிச்சுட்டா சார். சட்டைக்கு ஊக்கு குத்திட்டுப் போறா. ஒரு வார்த்தை பேசல."

"அம்மா, நான்தான் அந்த ஸ்கூலை..."

"தெரியும். திட்டுறதுன்னா நேத்தே வந்திருப்பேன். அந்தத் துணியைக் குடுங்க. அவ முன்னாடி விரிச்சு வச்சுப் பேசினாத்தான் எனக்கு வாய் வரும்."

சுவரில் அந்த இடம் காலியாக இருந்தது. தலைமை விருந்தினர் ரொம்ப ரசித்தார் என்று மேடம் முதல் நாள் சாயங்காலமே அந்தத் துணியைச் சட்டம் போட்டு நினைவுப் பரிசாகக் கொடுத்துவிட்டார். கொடுத்தபோது எடுத்த புகைப்படத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது நான்.

சொன்னேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, ஒரு துண்டுத் துணி குடுங்க. நாலு மணிக்கு அவ வந்துடுவா. அதுக்குள்ள வேற தைச்சிடறேன். சிவப்பு நூல் இருக்கா?"

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். எல்லா நிறமும் இருந்தது. சிவப்பு மட்டும் பேனருக்கே தீர்ந்திருந்தது.

அவள் நிமிர்ந்து பேனரைப் பார்த்தாள். "இறக்குங்க அதை."

இறக்கினேன். அவள் பல்லால் முடிச்சைக் கடித்து, ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.