தேய்த்த இடத்து வானம்

“இந்த வானத்துல எத்தனை கலர் இருக்கு, சொல்லு பாப்போம்?” என்று அக்கா கேட்டாள். படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அவளுக்கு வேலை. கண்ணாடி உடைந்து வந்த படம் ஒன்றை முதலாளிக்குத் தெரியாமல் செய்தித்தாளில் சுற்றி, சனிக்கிழமை மாலை எனக்காகக் கொண்டுவந்திருந்தாள்.

“திங்கக்கிழமை காலையில இருந்த எடத்துல இருக்கணும். கண்ணால மட்டும் பாரு, என்ன?”

இருநூறு வருஷத்துக்கு முன் யாரோ வரைந்ததன் பழைய அச்சு அது. இடிந்த கோட்டை, வளைந்து போகும் ஆறு, கரையில் ஒரு வண்டி, அதன் பக்கத்தில் நகத்தளவு இரண்டு பேர். மீதி முழுக்க வானம். கருமேகம் ஓரிடத்தில் கிழிந்து மஞ்சள் வெளிச்சம் ஆற்றில் விழுகிறது. படத்துக்குச் சொந்தக்கார அம்மா, தன் கணவர் படுத்த படுக்கையாக இருந்த நாளெல்லாம் கட்டிலுக்கு எதிரே இதைத்தான் மாட்டியிருந்தாராம். இனி எங்கும் கிடைக்காதாம்.

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. எழுந்து நின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். திரும்பிப் பார்க்கும் நாற்பது முகங்களையும் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவேன். அக்காவின் கேள்விக்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை. வரைந்தே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

கடையில் வெட்டி மீந்த அட்டைகளை அவள் எனக்குக் கொடுப்பாள். கட்டம் போட்டால் அளவு தப்பாது என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். மூலத்தில் கட்டம், அட்டையில் அதே எண்ணிக்கையில் கட்டம். ஞாயிற்றுக்கிழமை, படத்தின் மேலேயே பென்சிலால் மெல்லக் கோடு போட்டேன். வீடியோவில் அவர்கள் கோடு போட்டது ஜெராக்ஸ் நகலின் மேல் என்பது பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் என் வானம் முடிந்தது. பதினோரு நிறம். மேகத்துக்கு அடியில் ஊதா இருப்பது கட்டம் கட்டமாகப் பார்த்ததால்தான் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. பிறகு ரப்பரை எடுத்து மூலத்தின் கோடுகளை அழித்தேன். கோட்டோடு மஞ்சளும் உரிந்து வந்தது. கையை எடுப்பதற்குள் வெளிச்சம் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள்.

அக்கா பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து, உரிந்த இடத்தை ஊதி ஊதிப் பார்த்தாள், தூசி என்றால் பறந்துவிடும் என்பதுபோல.

“நீ என்ன பண்ணி வச்சிருக்கேன்னு தெரியுதாடி? என் வேலையே போயிடும். அந்த அம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?” என்றாள், அடுத்த அறைக்குக் கேட்காத குரலில்.

நான் தரையில் கிடந்த ரப்பர் துகள்களை விரலால் கூட்டினேன்.

“என்ன, ரெண்டு பேரும் ஊமைப்படம் ஓட்டுறீங்களா?” என்று எங்கள் அம்மா அடுத்த அறையிலிருந்து சிரித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

திங்கட்கிழமை காலை, அக்கா செருப்பு மாட்டும்போது அவள் முன்னால் போய் நின்றேன். இராத்திரி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

“நானும் வரேன்க்கா. நான்தான் பண்ணேன்னு நானே சொல்றேன்.”

அக்கா நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. “நெசமாவா?”

தலையாட்டினேன்.

“சரி, சொல்லிக் காட்டு. நான்தான் முதலாளின்னு வச்சிக்கோ.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்து, அவரைப் போலவே, இல்லாத மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “ம், என்னம்மா விஷயம்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “சார், அந்தப் படம்...” அதற்கு மேல் வரவில்லை. அக்கா காத்திருந்தாள். குழாயில் வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. யாரோ போய் மூடினார்கள். அவள் இன்னும் காத்திருந்தாள்.

பிறகு எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து என் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. எண்ணி முடித்ததும் அதை அந்தப் படத்தின் மேல் வைத்து, இரண்டையும் ஒரே செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தாள் எட்டாத ஒரு மூலையில் என் ஊதா தெரிந்தது. என்னை விட்டுவிட்டுத் தனியாகப் படியிறங்கிப் போனாள்.