அண்ணி பக்கத்து பிரேக்

காருக்கு அண்ணன் வைத்த பெயர் மொட்டையன். மேலே கூரை கிடையாது, அதனால். மடித்து வைத்த துணிக்கூரை ஒன்று பின்னால் இருந்தது, மழை வந்தால் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அண்ணன் உயிரோடு இருந்தவரை அதை மழையில்கூட இழுத்ததில்லை. சொட்டச் சொட்ட நனைந்து வந்து இறங்கி, "குளியல் வேலை முடிஞ்சுது" என்பான். அவன் போன பிறகு மொட்டையன் தம்பியின் மெக்கானிக் பட்டறையில் ஒரு மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தான். தம்பி அந்த மூலைக்குப் போகாமலே வேலை பார்க்கப் பழகிக்கொண்டான். ஸ்பானர் அந்தப் பக்கம் உருண்டு போனால், குனிந்து எடுக்க மாட்டான், வேறு ஸ்பானர் எடுத்துக்கொள்வான்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. ஒரு நாள் மத்தியானம் அண்ணி பட்டறை வாசலில் வந்து நின்றாள். நடந்தே வந்திருந்தாள். அண்ணன் இறந்த நாளிலிருந்து அவள் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. வேலைக்கும் நடைதான், கடைக்கும் நடைதான். சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள், கடைசியில் நல்ல செருப்பாக வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்ந்துபோனார்கள்.

"மொட்டையனைச் சரிபண்ணணும் தம்பி," என்றாள்.

"விக்கறதுக்கா அண்ணி?"

"ஓட்டறதுக்கு."

யார் ஓட்டப் போகிறார்கள்? அண்ணிக்கு ஓட்டத் தெரியாது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்கார்ந்து, "உங்கண்ணனும் நீயும் என்னென்னமோ மாத்தணும்னு சண்டை போடுவீங்களே, அதையெல்லாம் சொல்லு," என்றாள்.

சண்டை என்றால் சாதாரணச் சண்டையில்லை. அண்ணனுக்கு முதலில் சக்கரம் மாற்ற வேண்டும். கம்பி போட்ட பெரிய சக்கரம், தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். தம்பிக்கு முதலில் பிரேக். முன்னால் இருக்கும் பழைய டிரம் பிரேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஸ்க் போடணும், அந்த டிஸ்க் எவ்வளவு பெரிதோ அதற்கு இடம் விட்டுத்தான் சக்கரமே வாங்கணும், இல்லாவிட்டால் அழகான சக்கரம் உள்ளே உரசும் என்பான். ஸ்பிரிங் பேச்சு வந்தால் இன்னும் மோசம். அண்ணன் விறைப்பான ஸ்பிரிங் கேட்பான். கூரை இல்லாத வண்டிக்கு உடம்பில் உறுதி குறைவு, விறைப்பாகப் போட்டால் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் உடம்பே முறுக்கிக்கொண்டு கதவு கடகடவென்று ஆடும் என்று தம்பி தலையில் அடித்துக்கொள்வான். வருஷக்கணக்காகப் பேசினார்களே தவிர ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சில்தான் சுகம்.

எல்லாவற்றையும் அண்ணி பொறுமையாகக் கேட்டாள். "சக்கரம் அவர் கேட்டதையே போடு. பிரேக், ஸ்பிரிங் ரெண்டும் நீ சொன்ன மாதிரி போடு. ரெண்டு பேரும் சண்டையை முடிச்சுக்கோங்க," என்றாள். ஏதோ அண்ணனும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது போல.

முன் பிரேக், பின் பிரேக், குழாய், எண்ணெய் என்று அத்தனையும் சொன்ன தம்பி ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஹேண்ட்பிரேக். இரண்டு சீட்டுக்கும் நடுவே, உட்கார்ந்தால் அண்ணியின் கைக்கு எட்டுகிற இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு லிவர். அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று அவன் அண்ணன் இறந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

அன்றைக்கு நடந்தது இதுதான். நல்ல வெயில் நேரம், கடைத்தெரு, நேரான அகல ரோடு. பக்கத்து சீட்டில் அண்ணி. ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு மாரடைப்பு. ஒரு நொடியில் போய்விட்டான், பக்கத்தில் டாக்டரே உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சீட் பெல்ட் அவனை நிமிர்த்தியே வைத்திருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து கால் நழுவியும் வண்டி நிற்கவில்லை. கடைத்தெரு நீளத்துக்கும் தானாக ஊர்ந்துபோய், பாலத்து மேட்டில் ஏற முடியாமல் குலுங்கி அணைந்து நின்றது. அப்படி வளையாமல் போனதற்கே தம்பிதான் காரணம். அதற்கு முந்தின வாரம்தான் சக்கரங்களை நூல் பிடித்த மாதிரி நேராக வைத்துக் கொடுத்திருந்தான். "கையை விட்டாலும் நேரா போகும்" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை.

அண்ணி அன்று துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." எல்லோரும் சொல்கிறதுதானே. தம்பிக்கு மட்டும் அது முள்ளாகத் தைத்தது. கையை நீட்டி அந்த லிவரை இழுத்திருந்தால் வண்டி நின்றிருக்கும். அண்ணன் பிழைத்திருக்க மாட்டான், அது வேறு விஷயம். ஆனால் பக்கத்தில் ஒரு பிரேக் இருந்தது என்று தெரிந்தால் இவள் மிச்ச நாளெல்லாம் தன்னைத்தானே தின்றுகொண்டிருப்பாள். ஓட்டத் தெரியாதவளுக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தான்.

"இன்னொண்ணு," என்றாள் அண்ணி, எழுந்துகொண்டே. "என் பக்கத்துல ஒரு பிரேக் வேணும்."

மூலைக்குப் போய்த் தார்ப்பாயை அவளே விலக்கி, தான் உட்காரும் பக்கத்துக் கதவைத் திறந்து காட்டினாள். காலடி விரிப்பில் ஓர் இடம் மட்டும் தேய்ந்து நூல் நூலாகக் கிடந்தது. அண்ணன் வேகமாகப் போகும்போதெல்லாம் அவள் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தேய்ந்த இடம். அதைப் பார்த்து அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். "தம்பிகிட்ட சொல்லி அங்க நிஜமாவே ஒண்ணு வெச்சுத் தரேன். இப்ப நான்தான் இருக்கேன்ல, மிதிக்காம சும்மா வா," என்பான்.

"அவர் சொன்னதுதான். வெச்சுக் கொடு," என்றாள் அண்ணி.

வேலை ஆரம்பித்தது. ஸ்பிரிங்குகளைக் கழற்றி வரிசையாக நிறுத்தினான். ஓட்டுபவர் பக்கத்து ஸ்பிரிங் மற்றதைவிட ஒரு விரல் குட்டை. அண்ணன் கனமான ஆள். இத்தனை வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து இரும்பையே அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான். தம்பி அதைப் பழைய இரும்போடு போட மனம் வராமல் அலமாரியில் ஏற்றி வைத்தான்.

புது ஸ்பிரிங்கின் உயரத்தைச் சரிபார்க்க, ஓட்டுகிறவர் உட்கார்ந்திருப்பது போல அந்த சீட்டில் எடை வைக்க வேண்டும். அண்ணிக்கு போன் செய்து, "யார் ஓட்டப்போறாங்கன்னு தெரிஞ்சா அந்த எடைக்கு வைப்பேன்," என்று மெல்லக் கேட்டான்.

"உங்கண்ணன் எடைக்கே வை," என்றாள் அவள்.

மணல் மூட்டைகளை அடுக்கி, சரியாமல் இருக்க சீட் பெல்ட்டைப் போட்டான். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் ஓட்டுகிற சீட்டில் ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தானே வைத்த மூட்டைதான், தெரியும், ஆனாலும் வாசலிலேயே நின்றுவிட்டான். பக்கத்துப் பட்டறை லேத்துக்காரர் உள்ளே வந்தவர் அதைப் பார்த்து "வணக்கம்" என்றே சொல்லிவிட்டார். பிறகு மூட்டை என்று தெரிந்து, "மரியாதை வீண்போகாது, விடு," என்று சமாளித்தார். இரண்டு பெடலையும் சேர்க்கும் கம்பியைக் கடைந்து கொடுத்தவர் அவர்தான். "டிரைவிங் ஸ்கூல் தொறக்கப்போறியா? இந்த மாதிரி கார்ல ரெண்டு பிரேக் நான் பார்த்ததே இல்ல," என்றார். கார் யாருடையது என்று ஞாபகம் வந்ததும் சட்டென்று கிளம்பிப் போய்விட்டார்.

கம்பியைப் பூட்டி முடித்து, தம்பி ஓட்டுபவர் பெடலைக் கையால் அமுக்கினான். அந்தப் பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கியது. அப்படித்தான் இறங்க வேண்டும், அதற்குத்தானே கம்பி. ஆனால் காலியான இடத்தில் ஒரு பெடல் தானாக இறங்கித் தானாக ஏறுவதை அவனால் இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றான்.

வண்டி தயாரான அன்று, பளபளப்பேற்றும் மஞ்சள் துணியை மறந்து வைத்தது போல ஹேண்ட்பிரேக் லிவர் மேல் போட்டு மூடினான். அண்ணி வந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். கம்பிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, "பார்த்தா குதிச்சிருப்பார்," என்றாள். பிறகு தன் பக்கத்துக் கதவைத் திறந்து, மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பி ஓட்டும் சீட்டில் ஏறினான். அண்ணன் எடைக்கு வைத்த ஸ்பிரிங் தம்பியின் எடைக்கு அடங்கவில்லை. அவன் பக்கம் ஒரு விரல் உயரமாகவே நின்றது.

"அந்தத் தெருவுக்கே போ," என்றாள் அண்ணி.

போனான். கடைத்தெரு எப்போதும் போல இருந்தது. திறந்த வண்டியைப் பார்த்தால் ஜனங்களுக்குத் தானாகவே முகம் மலர்ந்துவிடுகிறது. இஸ்திரி போடுகிறவர் நிமிர்ந்து சிரித்தார். மருந்துக்கடையில் நின்ற இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு பார்த்தார்கள். அண்ணியின் கால் பெடல் மேல் இருப்பதை தம்பி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அவள் மிதிக்கவில்லை. பாலத்து மேடு வந்தது. வண்டி ஏறத் தொடங்கியதும், தம்பியின் காலுக்குக் கீழே பிரேக் பெடல் தானாக உள்ளே போனது. வண்டி குலுங்காமல் முனகாமல் நின்றது. அவசரமாக கியரை எடுத்துவிட்டான்.

"இவ்வளவுதானா?" என்றாள் அண்ணி. "இவ்வளவு லேசா அழுத்தினா போதுமா?"

மேட்டில் வண்டி பின்னால் உருளப் பார்த்தது. தம்பி பெடலை மிதித்துப் பிடிப்பதற்குள் அண்ணி குனிந்தாள். மஞ்சள் துணியை எடுத்தாள், நாலாக மடித்தாள், அவன் மடியில் வைத்தாள். பிறகு லிவரைப் பிடித்து, கட்டைவிரலால் நுனிப் பொத்தானை அமுக்கியபடி மேலே இழுத்து, விரலை எடுத்தாள். பழகின கை.

"உங்கண்ணன் பால் வாங்க இறங்கறப்பெல்லாம் இதை நான்தான் இழுத்து விடுவேன்," என்றாள் அண்ணி. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு நீ இத்தனை நாளா வாயே தொறக்கல. பாவம் நீ."

"அண்ணி, டாக்டர் என்ன சொன்னாருன்னா…"

"அவர் சொன்னது எனக்கும் தெரியும் தம்பி. அது இல்ல." அவள் மேட்டைப் பார்த்தபடியே பேசினாள். "அன்னிக்குக் கூப்பிட்டேன், திரும்பல. கண்ணு தொறந்து ரோட்டத்தான் பாத்துட்டிருந்தார். போயிட்டார்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. கால் தன்னால போய்த் தரையை மிதிச்சுது. கை இதோ, இந்த லிவர் மேலதான் இருந்துது. நான் இழுக்கல."

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது.

"இழுத்தா வண்டி நின்னுடும். நின்னா அவர் செத்துட்டார்னு ஆயிடும். ஓடுற வரைக்கும் அவர் ஓட்டிட்டுதானே இருக்கார். அதோ அந்தக் கடை வாசல்ல ஒரு குழந்தை எங்களைப் பாத்துக் கையாட்டுச்சு. லிவர் மேல இருந்த கையை எடுத்து நானும் ஆட்டினேன். கையும் ஓடல காலும் ஓடலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ல. கால் ஓடுச்சு தம்பி. கையைத்தான் நான் ஓட விடல."

தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதான். மறைக்கக்கூட முயலவில்லை. திறந்த வண்டி, தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அண்ணி மடித்த துணியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"பஸ்ல ஏறினா அது ஒவ்வொரு ஸ்டாப்லயும் நிக்கும். ஒவ்வொரு தடவை நிக்கறப்பவும் அவர் சாகறார். அதான் நடந்தே திரிஞ்சேன். ஒரு தடவையாவது இங்க நானே நிறுத்திப் பாக்கணும்னு இருந்துது," என்றாள். பிறகு லிவரை இறக்கிவிட்டாள். "ஓட்டு."

பாலத்தைத் தாண்டி இறங்கினார்கள். சந்திப்பில் சிக்னல் சிவப்பானது. மிதிப்பதற்கு தம்பிக்குப் பயமாக இருந்தது. அண்ணியைப் பார்த்தான். அவள் இரண்டு கால்களையும் சீட்டுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக மிதித்தான். அவள் பக்கத்துப் பெடல், மேலே கால் எதுவும் இல்லாமல், நிதானமாகக் கீழே இறங்கியது. வண்டி நின்றது.

"சரி," என்று அண்ணி அந்தப் பெடலைப் பார்த்துச் சொன்னாள். "சும்மாவே வரேன்."