பலகையின் நான்காவது வரி

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அதற்குள் எங்கள் பஸ் பட்டறையின் சாப்பாட்டு அறையில் கால் வைக்க இடமில்லை. பெஞ்சுகள் நிரம்பி, ஜன்னல் கட்டைகளும் நிரம்பியபின், டயர்ப் பிரிவு ஆட்கள் நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து அவற்றின்மேல் ஏறி நின்றார்கள். ஏழு வருடமாக பஸ்ஸுக்கு அடியிலேயே குடியிருக்கும் கிளட்ச் மெக்கானிக்கும் வந்திருந்தார். அவருக்கு மீசை இருப்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அத்தனை கண்ணும் சுவரிலிருந்த கரும்பலகையின் மேல். என் கையில் ஈரத்துணி. என் நெஞ்சு அடித்துக்கொண்டது மூன்றாவது மேஜைவரை கேட்டது. "எவன்யா வெளியில இன்ஜினை ஆஃப் பண்ணாம வந்தது?" என்று பெயிண்டர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் சாப்பாட்டு வேளை என்றால் கேலி வேளை. இருபது வருடத்துக்கு முன் ஒருநாள் கேலி முற்றி, ஒரு பம்பர் பறந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு சைக்கிளுக்கு மட்கார்டாக மாட்டிக்கொண்டது. முதலாளி மறுநாளே கரும்பலகை வாங்கி மாட்டினார். எதைக் கேலி செய்தால் தாங்காதோ அதை அவரவர் அதில் எழுதிவிடலாம். எழுதியதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எழுதியவர் தன் கையால் அழிக்கும்வரை தடை தடைதான். இத்தனை வருடத்தில் நான்கே வரிகள் ஏறின. முதல் வரி, 'ஃபோர்மேன் தலைமுடி'. இல்லாத ஒன்றுக்குத் தடை வாங்கிய ஒரே மனிதர் அவர்தான். இரண்டாவது, 'பெயிண்டரின் மாமியார்'. அதைப் பெயிண்டர் எழுதவில்லை. அந்த அம்மாளே பஸ் ஏறி வந்து எழுதிவிட்டு, சாக்பீஸையும் கையோடு கொண்டுபோய்விட்டார். மூன்றாவது, 'ரிவர்ஸ்'. டிரைவர் எழுதியது. ஏன் என்று சொன்னால் நான் தடையை மீறியவன் ஆவேன்.

நான்காவது வரியை எட்டு மாதத்துக்கு முன் எழுதியவன் ஸ்டோர்கீப்பராகிய நான். 'என் தங்கச்சி.'

தங்கச்சி என்றால், இங்கே முப்பது வருடமாக வெல்டராக இருக்கும் மாப்பிள்ளையின் மனைவி. நான்தான் பார்த்துக் கட்டிவைத்தேன். அவள் தும்மலைப் பற்றி நான் அளந்த கதைகளை அடுக்கினால் பட்டறைக் கூரையைத் தொடும். அவள் தும்மினால் எதிர் வீட்டு ரேடியோவில் ஸ்டேஷன் மாறும். ஒருதரம் நிறுத்தத்தில் நின்று தும்மினாள். போய்க்கொண்டிருந்த ஏழாம் நம்பர் பஸ் சடன் பிரேக் போட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "யாரு விசில் அடிச்சது?" என்றார். இதைச் சொன்னால் அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. "அண்ணே, அது எட்டாம் நம்பர் பஸ். எப்பவும் நம்பரைத் தப்பா சொல்றியே" என்று திருத்துவாள்.

ஆஸ்பத்திரியில் படுத்தவள் திரும்பாமலே போய்விட்டாள். பதினைந்து நாள் கழித்து மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிய காலையில், அவருக்கு முன்னால் வந்து அந்த வரியை எழுதினேன். அவர் மனசு நோகக் கூடாதே என்றுதான் எழுதுவதாக எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் ஆட்கள் தேதியை மதிக்க மாட்டார்கள். ஒவ்வொரு பஸ்ஸின் கண்ணாடியிலும் அது வெளியே போகவேண்டிய தேதியை அட்டையில் எழுதித் தொங்கவிடுகிறோம், ஒரு பஸ்ஸும் அந்தத் தேதியில் போனது கிடையாது. ஆனால் பலகையை மதிப்பார்கள். இதை அளவுக்கு மீறி மதித்துவிட்டார்கள். தங்கச்சியைக் கேலி செய்யக் கூடாது என்பது, தங்கச்சியைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஆகி, கடைசியில் மாப்பிள்ளையிடம் வாய் கொடுப்பதே ஆபத்து என்றாகிவிட்டது. ஜலதோஷம் பிடித்தவர்கள் அவர் காதில் விழாமல் தும்முவதற்கு வாசல் கேட்டுக்கு வெளியே ஓடினார்கள். மழைக்காலத்தில் அங்கே வரிசை நின்றது. அவர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, ரிப்பேருக்கு நிற்கும் ஏதாவது ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டில் போய்த் தனியாகச் சாப்பிடத் தொடங்கினார்.

ஈரத்துணியோடு நான் நின்ற நாளுக்கு முந்தின நாள் மாப்பிள்ளை ஸ்டோருக்கு வந்தார். வெல்டிங் ராடு கேட்க வந்தார் என்று பெட்டியைத் திறந்தேன்.

"மச்சான், அந்த வரியை அழிச்சுடுங்க."

"எவனாவது ஏடாகூடமா பேசிட்டா, மாப்ள?"

"பேசட்டும். ஒண்ணு அடிப்பேன், இல்ல சிரிப்பேன். இப்ப ரெண்டுக்கும் வழியில்லாம பண்ணிட்டீங்களே. வீட்லயும் இல்ல, இங்கயும் அவ பேச்சு இல்லன்னா, அவ எங்கதான் இருப்பா?"

"உனக்காகத்தான் எழுதினேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "கதை விடும்போது உங்க மூஞ்சி அசையாது மச்சான். இப்பவும் அசையல." கதவுவரை போய்த் திரும்பினார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அழிங்க. இல்லன்னா நான் வேற பட்டறை பாத்துக்கறேன்."

எனக்காகத்தான் எழுதினேன். தும்மல் கதையை யாராவது ஆரம்பித்தால் அது முடிந்தாக வேண்டும். முடிந்தால் பஸ் நம்பரைத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தில் விழும் மௌனத்தை என் காது தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்டோரில் பேசியது கேட்டுக்குப் போய்ச் சேர நான்கு நிமிடம் ஆனது என்கிறார்கள். நான் நம்பவில்லை, இரண்டுதான் ஆகியிருக்கும்.

மணி அடித்தது. ஈரத்துணியால் நான்காவது வரியை ஒரே இழுப்பில் துடைத்தேன். பலகை கறுகறுவென்று பளபளத்தது. டயர்மேல் நின்றவர்கள் முன்னால் சாய்ந்தார்கள். பெயிண்டர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அப்போது மாப்பிள்ளை எழுந்தார். அறை முழுக்க ஒரு "ஓ!" பறந்தது. முப்பது வருடத்தில் அவர் சொல்ல ஆரம்பித்த ஜோக்குகள் இரண்டு. இரண்டையும் சொல்லி முடித்தது தங்கச்சிதான்.

"ஆஸ்பத்திரில," என்றார். "டாக்டர் என்னைத் தனியா வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இன்னும் ரெண்டு மூணு நாள்தான்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. அவளுக்குத்தான் பாம்புக் காதாச்சே. உள்ள படுத்துக்கிட்டே குரல் குடுக்கறா. 'டாக்டர், இவருக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் லீவு. சொன்ன தேதில வண்டிய வெளிய அனுப்பிடுங்க. எங்கண்ணன் பட்டறை மாதிரி இழுத்தடிக்காதீங்க.'"

அன்றைக்கு நான் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே போனதைப் பார்த்தேன். அழுகிறார் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை முடிக்கப் பார்த்தார். "அப்புறம்... வியாழக்கிழமையே அவ..." அதற்குமேல் வரவில்லை. வழக்கம்போல முடிவு வேறு யாரிடமோ இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமை இல்ல மாப்ள," என்றேன். என் குரல் எங்கோ பழைய ரேடியோவிலிருந்து வருவதுபோல் இருந்தது. "சனிக்கிழமை. உனக்குச் சனிக்கிழமை வரைக்கும் லீவு. சீட்டை எழுதிக் குடுத்ததே நான்தான். எப்பவும் நாளைத் தப்பா சொல்றியே."

ஃபோர்மேன் மெதுவாக எழுந்தார். யார் முன்னும் கழற்றாத தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். விளக்கு வெளிச்சம் அங்கே விழுந்து கண்ணைக் கூசவைத்தது. தடை இருப்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"அப்ப ரெண்டு நாள் முன்னாடியேவா?" என்றார். "இருபத்து மூணு வருஷத்துல இந்த ஷெட்டுலேர்ந்து ஒரு வண்டிகூட..."

முதல் சத்தம் மாப்பிள்ளையிடமிருந்துதான் வந்தது. அது சிரிப்பா வேறொன்றா என்று தெரிவதற்குள் மற்றவர்களுடையது வந்து அதை மூடிவிட்டது. கூரைத் தகரம் இரண்டு எழுந்து உட்கார்ந்தன. நிறுத்தத்தில் நின்றவர்கள் பஸ் கிளம்பிவிட்டது என்று ஓடினார்களாம். மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக் குலுக்கினார், நான் அவரைப் பிடித்துக்கொண்டேன், பெயிண்டர் எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ, எட்டு மாதமாகச் சேர்த்து வைத்தது, அடக்காமல் தும்மினார்.

"இது ஏழா எட்டா?" என்று கிளட்ச் மெக்கானிக் கத்தினார்.

"எட்டு! எட்டு!" என்றார் மாப்பிள்ளை.

அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். ஓரத்திலிருந்து ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த இடத்திலெல்லாம், எட்டு மாதம் ஊறிய சாக்பீஸ் மெல்ல வெளுத்து, முதலில் ஒரு சுழி, பிறகு ஒரு கோடு, பிறகு ஒரு புள்ளி என்று எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பெயிண்டர் துணியை மறுபடி நனைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி எழுத்தும் காய்வதைப் பார்த்தபடி நின்றேன்.