திட்டுவதற்கு ஒரு முதலாளி

வீரபாண்டியில் கிட்டுசாமியின் பனியன் கம்பெனியில் ராக்கையாவுக்கு இரண்டு வேலை. ஒன்று, தைத்து வரும் பனியன்களை அயர்ன் பண்ணி மடித்து வைப்பது. இன்னொன்று, முதலாளியைத் திட்டுவது. முதல் வேலைக்குத்தான் சம்பளம் என்றாலும் இரண்டாவதையும் அவன் குறை வைக்காமல் செய்து வந்தான்.

"மணி அடிச்சா டீ, மணி அடிச்சா சோறு. ஒரு மனுசன் நெனைச்ச நேரத்துக்குக் கொட்டாவி விட முடியுதா இங்க?" என்பான். நீராவி புஸ்ஸென்று கிளம்பும். அயர்ன் பாக்ஸ் பனியனின் கழுத்தில் ஏறி இறங்கும். "நானெல்லாம் சொந்தமா ஒரு ஷெட்டு போட்டேன்னு வையி, அப்புறம் தெரியும் ராக்கையா யாருன்னு."

அவனுக்கு இருந்த மனக்குறைகளிலேயே பெரியது பாத்ரூம் அட்டை. அந்தத் தளத்துக்கே ஒரே ஒரு பிளாஸ்டிக் அட்டை. அது சூப்பர்வைசர் சென்னிமலையின் மேஜையில் தொங்கும். போக வேண்டியவர்கள் அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டு, திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் வந்து இத்தனை வருடமாகியும், அந்த அட்டையை மாட்டும்போதெல்லாம் ராக்கையாவுக்குத் தன்னை மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போகிற மாதிரியே இருக்கும்.

இந்தப் பேச்சையெல்லாம் வீட்டில் வைத்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள். அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். பேச்சு குறைவு, ஆனால் கேட்டதை மறக்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் முனீஸ் கறிக்குழம்பு சாப்பிட வந்தான். மங்கலம் ரோட்டில் சின்னதாக ஒரு அயர்ன் ஷெட் வைத்திருந்தான். சின்னக் கம்பெனிகள் தைத்து அனுப்பும் துணியை வாங்கி அயர்ன் பண்ணி, மடித்து, பாலிதீன் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிற வேலை. எலும்பை உறிஞ்சிக்கொண்டே முனீஸ் சொன்னான்.

"மாப்ள, நான் ஊருக்கே போயி ஆட்டுப் பண்ணை வைக்கலாம்னு இருக்கேன். ஷெட்ட நீங்க எடுத்து நடத்துங்க. டேபிளு, பாய்லரு எல்லாம் அப்படியே இருக்கு. வேல குடுக்குற பார்ட்டிகிட்டயும் சொல்லிட்டேன்."

ராக்கையா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். சொந்த ஷெட் என்பது அவனுக்குப் பேசுவதற்கு இருந்த விஷயம். அது எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து கறி தின்னும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"இது ஆடி மாசமில்ல மச்சான்?" என்றான்.

"ஆடி முடிஞ்சு எட்டு நாளாச்சு" என்றாள் ஒச்சம்மாள்.

"அப்ப... மொதலாளி என்ன நெனைப்பாரோ?"

"தெனம் நீ அவர என்னவெல்லாம் நெனைக்கிற? ஒரு நாளு அவரும் நெனைச்சுக்கிரட்டும்."

பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது.

கம்பெனியை விட்டு நிற்கிற அன்று சொல்வதற்கென்று ராக்கையா ஒரு வசனம் வைத்திருந்தான். பல வருடமாக மெருகேற்றிய வசனம். அதில் அட்டை வரும், மணி வரும், மனித இனமே வரும். ஆனால் கிட்டுசாமி அவன் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, கையில் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொடுத்து, "நல்லா வருவீங்க ராக்கையா. நம்ம கம்பெனி ஆளு சொந்தத் தொழில் பண்றாருன்னா எனக்குத்தானுங்க பெருமை" என்று கும்பிட்டுவிட்டார். வசனம் மறந்துபோயிற்று. "சரிங்க மொதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டான்.

ஒச்சம்மாளும் செக்கிங் வேலையை விட்டுவிட்டு அவனோடு ஷெட்டுக்கு வந்தாள். ராக்கையாவுக்கு முதல் நாள் பிரமாதமாக இருந்தது. வேண்டிய நேரத்துக்கு டீ குடித்தான். மத்தியானத்துக்குள் குடித்த டீயின் கணக்கு டீக்கடைக்காரனுக்கே விட்டுப்போயிற்று. சாப்பிட்டதும் பனியன் மூட்டைமேல் கால் நீட்டிப் படுத்தான். யாரும் எழுப்பவில்லை. யாராவது எழுப்புவார்கள் என்று பயந்துகொண்டே படுத்திருந்ததால் தூக்கமும் வரவில்லை.

எழுந்தபோது வயிறு முட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குப் பின்னால் அட்டை எதுவும் கேட்காமல் சுதந்திரமாக ஒரு கழிப்பறை இருந்தது. போய் நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தான். மறுபடி போனான். இவ்வளவு டீயும் உள்ளே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்கே விளங்கவில்லை. கடைசியில் ஒச்சம்மாள் மடித்துக்கொண்டிருந்த டேபிளுக்கு முன்னால் போய்க் கைகட்டி நின்றான்.

"என்னய்யா?"

"போயிட்டு வரவா?"

"எங்க?"

"பாத்ரூமுக்கு."

ஒச்சம்மாள் கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தாள். "இத எதுக்குய்யா எங்கிட்ட கேக்குற?"

"இல்ல... சும்மா சொல்லேன்."

"போ."

அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்த மாதிரி உடம்பு சொன்னபடி கேட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அவன் மூன்று தடவை வந்து நின்றான். மறுநாள் காலையில் ஒச்சம்மாள் ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, நூலில் கோர்த்து, டேபிள் ஓரத்தில் தொங்கவிட்டாள்.

"இந்தா. என்னைய வேலயப் பாக்க விடு. வேணுங்கும்போது எடுத்து மாட்டிக்கிட்டுப் போ."

ராக்கையாவுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டிக்கொண்டு போனான்.

அதுகூடப் பரவாயில்லை. கேள்விகள்தான் அவனைக் கொன்றன. கம்பெனியில் துணி வரும்போதே எப்படி மடிக்க வேண்டும் என்று சென்னிமலை சொல்லிவிடுவான். அது தப்பென்று ராக்கையா அரை மணி நேரம் வாதாடிவிட்டு, அதேபோல மடிப்பான். இங்கே எந்த மூட்டையை முதலில் எடுப்பது, யாருக்கு எப்போது கொடுப்பது, மின்சாரம் போனால் காத்திருப்பதா வீட்டுக்குப் போவதா என்று ஒவ்வொன்றும் அவன் முகத்தைப் பார்த்தது.

ஒரு நாள் துணி கொண்டுவந்த பார்ட்டி கேட்டான். "அண்ணா, பனியன் கை உள்ள போகற மாதிரி மடிப்பீங்களா, வெளிய தெரியற மாதிரி மடிப்பீங்களா?"

"நீங்க எப்படிச் சொன்னாலும் சரிங்க."

"எனக்கு எப்படின்னாலும் சரிங்ணா. ஓனரு நீங்கதான, நீங்களே பார்த்துச் செய்ங்க."

ஓனர் என்ற சொல்லைக் கேட்டதும் ராக்கையா பழக்கத்தில் திரும்பி வாசலைப் பார்த்தான். யாரும் வரவில்லை.

அவன் யோசித்து யோசித்து, பாதியைக் கை உள்ளேயும் பாதியைக் கை வெளியேயும் மடித்துவிட்டான். பார்ட்டி மொத்தத்தையும் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். ஒச்சம்மாளும், அவள் வேலைக்குச் சேர்த்திருந்த சின்னத்தாயும் மயிலாளும் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்து மறுபடி மடித்தார்கள்.

அப்போதுதான் ராக்கையாவுக்குத் தன் நோய் என்னவென்று தெரிந்தது. பழக்க தோஷத்தில், "இந்தக் கேடுகெட்ட மொதலாளி இருக்கானே..." என்று ஆரம்பித்துவிட்டான். சின்னத்தாயும் மயிலாளும் நிமிர்ந்து அவனையே பார்த்தார்கள். இங்கே முதலாளி அவனேதான். கெட்டிக்காரன் என்று நாற்பத்தைந்து வருடமாக நம்பிவந்த ஒருவனைத் திடீரென்று எப்படித் திட்டுவது? சரி, பெண்டாட்டியைத் திட்டலாமா என்றால் அதற்குத் தைரியம் வேண்டும். முனீஸைத் திட்டலாம் என்று போன் போட்டான். மறுமுனையில் ஆடு கத்தியது. முனீஸின் குரலும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. பாவமாகிவிட்டது, வைத்துவிட்டான்.

திட்டு உள்ளேயே தங்கியதில் ராக்கையாவுக்கு நெஞ்சைக் கரித்தது. ஜெலுசில் குடித்தான். கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பாலிதீன் கவர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். கவர் கடை காதர்பேட்டையில் இருக்கிறது. ராக்கையா நின்றதோ வீரபாண்டியில், பழைய கம்பெனிக்கு எதிர் டீக்கடையில். சும்மா ஒரு டீ என்றுதான் நினைத்தான். அப்போது மணி அடித்தது. கூட்டம் கேட்டுக்குள் நுழைந்தது. டம்ளரைக் கீழே வைத்தது நினைவிருந்தது. ரோட்டைக் கடந்தது நினைவில்லை. விரல் வைக்கிற மிஷினில் விரலை வைத்தான். அவன் பெயரை யாரும் இன்னும் எடுத்திருக்கவில்லை போலும். மிஷின் பெண் குரலில் "தேங்க் யூ" என்றது.

ராக்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரத்தில் அவனை யாரும் இப்படி மரியாதையாக நடத்தியதில்லை.

தன் பழைய டேபிளில் நின்று அவன் பாட்டுக்கு அயர்ன் போட ஆரம்பித்தான். பக்கத்து டேபிள் பிகார்க்காரன் "ஆகயா பாய்? வந்தாச்சா?" என்று சிரித்தான். சென்னிமலை மேஜையில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ராக்கையா அதை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு நடை போய் வந்தான். தண்ணீர் பட்ட பாடாகப் போயிற்று. மத்தியான மணி அடித்ததும் எல்லோரோடும் உட்கார்ந்து, யாரோ நீட்டிய டப்பாவில் கை போட்டு, "இந்தக் கம்பெனியில மனுசன் இருப்பானா?" என்றான். நெஞ்செரிச்சல் இருந்த இடம் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் சென்னிமலைக்கு உறைத்தது.

"ஏனுங்க ராக்கையா, நீங்கதான் வேலைய விட்டு நின்னுட்டீங்களே?"

"ஆமா."

"அப்பறம் எப்படீங்க இங்க இருக்கறீங்க?"

"பொழுது நல்லாப் போச்சே, இப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

சென்னிமலை அவனை நேராக முதலாளி அறைக்கு அழைத்துப் போனான். கிட்டுசாமி அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"ஏனுங்க, சொந்தத் தொழில் என்னாச்சுங்க? நட்டமாயிருச்சுங்களா?"

"அதெல்லாம் நல்லா நடக்குது மொதலாளி. ஒச்சம்மா பாத்துக்கிறா."

"பின்ன என்னங்க கஷ்டம்?"

ராக்கையா ஒரு அடி முன்னால் வந்தான். "என்னைய நாலு வார்த்தை திட்டுங்க மொதலாளி" என்றான்.

கிட்டுசாமி பதறிவிட்டார். பரம்பரையாகக் கவுரவமாகப் பேசிப் பழகிய வாய். "அதெப்படீங்க? நீங்க என்னங்க தப்புப் பண்ணுனீங்க?"

"கேக்காம கம்பெனிக்குள்ள வந்துட்டேன்ல? திட்டுங்க. திருப்தியா இருக்கும்."

கிட்டுசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். மேஜையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். "நீங்க... கொஞ்சம் சோம்பேறிங்க ராக்கையா" என்றார்.

"இன்னும்."

"சொன்ன பேச்சுக் கேக்கறதில்லீங்க."

"அப்படித்தான் மொதலாளி. இன்னும் கொஞ்சம்."

"முட்டாளுங்க நீங்க!" என்று சொல்லிவிட்டு, கிட்டுசாமி உடனே எழுந்து, "மனசுல வெச்சுக்காதீங்க சாமி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வேர்த்துவிட்டது அவருக்கு. தண்ணீர் குடித்துவிட்டு மெல்லச் சொன்னார். "எனக்கும் அப்படித்தானுங்க. எங்கூட்டுல சாரதாமணி நாலு நாளு பொறந்த ஊருக்குப் போனா, எந்தச் சட்டை போடறதுன்னே தெரியாம பனியனோட உக்காந்திருப்பனுங்க. நாளைக்கு வந்து வேலையப் பாருங்க, போங்க."

வேலை திரும்பக் கிடைத்த சந்தோஷம் மங்கலம் ரோட்டுத் திருப்பம் வரைக்கும்தான் இருந்தது. இதை ஒச்சம்மாளிடம் எப்படிச் சொல்வது? ஷெட்டுக்குள் நுழைந்ததும், "பாலிதீன் கவர் கெடைக்கல" என்று ஆரம்பித்தான்.

"வீரபாண்டியில எப்படிக் கெடைக்கும்?" என்றாள் அவள். அந்த எதிர் டீக்கடைக்காரர் அவள் ஊர்க்காரர். இவன் ரோட்டைக் கடக்கும்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

ராக்கையா மூட்டைமேல் உட்கார்ந்தான். அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "என்னால முடியல ஒச்சா. எல்லாத்தையும் நானே நெனைக்க வேண்டியிருக்கு."

சின்னத்தாயும் மயிலாளும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நானும் இத்தன நாளா ஒன்னைய எப்படி அனுப்புறதுன்னுதான்யா பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்னது?"

"நீ மனசு ஒடிஞ்சிருவியேன்னு வாயத் தொறக்கல. நீ இங்க இல்லேன்னா ஒரு நாளைக்கு எம்புட்டு வேல ஓடுது தெரியுமா? இன்னைக்கு மத்தியானமே எல்லாம் முடிஞ்சிருச்சு. புதுப் பார்ட்டி ஒருத்தங்க வந்தாங்க, பேசி முடிச்சுட்டேன். அந்தக் கம்பெனி செக்கிங்ல நான் ஆகாதுன்னு பொறுக்கிப் போட்டத இன்னொருத்தி சரின்னு எடுத்து வைக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். இங்க நான் வச்சதுதான்யா சட்டம். ராத்திரி படுத்தா நல்லாத் தூக்கம் வருது."

ராக்கையாவுக்கு ஒரு நிமிடம் சுருக்கென்றது. தான் இல்லாவிட்டால் ஷெட் நின்றுபோகும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தான். அப்புறம் அதுவும் ஒரு பொறுப்புக் கழிந்ததுதானே என்று தோன்ற, நிம்மதியாக மூச்சு விட்டான்.

அந்த வருடம் தீபாவளிக்குள் ஒச்சம்மாள் இன்னும் இரண்டு டேபிள் போட்டாள். அவசர ஆர்டர் வந்தபோது கிட்டுசாமியே அவளுக்குத் துணி அனுப்பினார். துணியோடு வந்த கம்பெனி ஆள் ராக்கையாதான். "கை உள்ள போற மாதிரி மடிக்கச் சொன்னாங்க" என்று அவன் சொல்ல, "யாரு சொன்னது? வேல தெரிஞ்சவங்கள வரச் சொல்லு" என்று ஒச்சம்மாள் துணியை இறக்கவிடாமல் நிறுத்திவிட்டாள். முதலாளியும் அவளும் போனில் பேசி முடிக்கிறவரை ராக்கையா வண்டியிலேயே சுகமாகக் கண்ணயர்ந்தான்.

தை பிறந்ததும் அவள் ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கினாள். இப்போது காலையில் அவள்தான் அவனைக் கம்பெனியில் இறக்கிவிட்டு ஷெட்டுக்குப் போகிறாள். பின்னால் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் ராக்கையா.

"பல்லடம் ரோட்டுல கூட்டமா இருக்கும்போல. உள்ரோட்டுல போகட்டுமாய்யா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும். ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போ" என்றான் அவன். காற்று முகத்தில் நன்றாக அடித்தது. வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று அவன் பார்க்கவில்லை.